கயல் நாளை பேச வேண்டிய டயானா கதை: எங்கள் குடும்பக் குழுவில்

மாலதி: நாளை வகுப்பில் கயல், காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமனாகிய இளவரசி டயானாவின் கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். பிறப்பை எப்படிச் சொல்வது என்று குழம்பி உட்கார்ந்திருக்கிறாள். அத்தான், நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

செல்வி அத்தை: கிரேக்கக் கடவுள் சீயஸின் மகள் என்று சொல்லட்டும். 2017ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அப்படித்தான் வந்தது.

பெரியப்பா: அது பிற்காலத்தில் ஒட்டிய கதை, செல்வி. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் எழுத, எச். ஜி. பீட்டர் வரைய, டயானா 1941ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமானாள். அமேசான்கள் என்ற வீரப் பெண்களின் அரசி ஹிப்பாலிட்டா களிமண்ணில் ஒரு குழந்தையை வனைந்ததையும், அஃப்ரோடைட்டி தேவி அதற்கு உயிர் தந்ததையும் மறு ஆண்டே எழுதிவிட்டார்கள். ஆண்களே இல்லாத அவர்களின் தீவில், தாயின் ஆசை ஒன்றே அவள் பிறக்கப் போதுமானதாக இருந்தது.

முரளி: விமானி ஸ்டீவ் ட்ரெவரின் விமானம் தீவில் விழுந்ததை விட்டுவிடாதே, கயல்.

கயல்: எழுதிவிட்டேன், அண்ணா. டயானா முகமூடியோடு போட்டியில் வென்றதும் இருக்கிறது.

பெரியப்பா: 1987இல் ஜார்ஜ் பெரெஸும் உடன் எழுதியவர்களும் கதையை முதலிலிருந்து தொடங்கினார்கள். முற்பிறவியில் கருவுற்றிருந்தபோது ஓர் ஆணால் கொல்லப்பட்டவள் ஹிப்பாலிட்டா. அன்று பிறக்காமலே போன குழந்தையின் உயிர்தான், அவள் வனைந்த மண்ணுக்குள் வந்து சேர்கிறது. இதைவிடச் சிறந்த பிறப்புக் கதை டயானாவுக்கு இன்றுவரை எழுதப்படவில்லை. என்னிடம் இருந்த அந்த இதழை முரளி யாருக்கோ கொடுத்துவிட்டான்.

முரளி: அப்பா, அதை வீட்டில் பேசிக்கொள்வோம்.

செல்வி அத்தை: தந்தையே இல்லை என்று சொன்னால் வகுப்பில் கேள்வி கேட்பார்கள்.

மாலதி: அந்தக் கேள்விக்குக் கயல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பதில் சொல்லி வருகிறாள், அண்ணி.

செல்வி அத்தை: நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை, மாலதி.

பெரியப்பா: சீயஸ் 2011இல், பிரையன் அஸரெல்லோ எழுதிய தொடரில்தான் தந்தையானார். சீயஸின் மனைவி ஹீராவின் சினத்திலிருந்து மகளைக் காக்கவே ஹிப்பாலிட்டா மண் கதையைச் சொல்லி வைத்தாள் என்று அதில் வருகிறது. தீவுப் பெண்கள் டயானாவைக் ‘களிமண்’ என்றே கேலி செய்கிறார்கள். ஒரு தாயின் ஏக்கத்தை வெறும் பொய்யாக ஆக்கிவிட்ட அந்த மாற்றத்தை என் மனம் ஏற்கவில்லை.

கயல்: அந்தக் கேலியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாமா, பெரியப்பா?

பெரியப்பா: அதைச் சேர்த்தால் சீயஸையும் சொல்ல வேண்டிவரும், கண்ணு.

முரளி: 1968இல் சக்திகளைத் துறந்து சாதாரணப் பெண்ணாக வாழத் தொடங்கினாளே, அதையும் சொல்லலாம். 1973இல்தான் அவை திரும்பி வந்தன.

மாலதி: மூன்று நிமிடம்தான், முரளி.

செல்வி அத்தை: முடிவில் ஒரு வரியாவது சீயஸுக்குக் கொடு, கயல்.

கயல்: இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கிறேன், அத்தை. எது நேரத்துக்குள் அடங்குகிறது என்று அம்மா சொல்லட்டும்.

முரளி: முடித்ததும் இங்கே அனுப்பு. ஆண்டுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.