ஐரோப்பா: 14 இரவு, நாலு ஊர், ஒரே ஒரு சண்டை

நங்கநல்லூர் அக்கா:

கல்யாணமாகி 25 வருடம் ஆனதற்காகப் போன மே மாதம் நானும் வீட்டுக்காரரும் ஐரோப்பா போய் வந்தோம். வந்ததிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு தடவை எழுதிவிட்டால் வாய்க்கு ஓய்வு.

முதலில் அவர் போட்ட திட்டத்தைச் சொல்ல வேண்டும். எக்செல்லில் கலர் கலராக, 12 இரவில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ஜூரிக், மிலன், வெனிஸ், ரோம். எட்டு ஊர். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எதையும் விடக் கூடாது" என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டரில் அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரை இறக்கி, ஊர் மாறுகிற நாளிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். ஏழு குறி விழுந்தது.

ஊர் மாறுகிற நாள் என்றால் என்ன? காலையில் பெட்டி கட்டி, 11 மணிக்குள் அறையைக் காலி செய்து, ஸ்டேஷன் போய், ரயில் ஏறி, இறங்கி, கல் பாவிய தெருவில் பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு முகவரி தேடி, மூன்று மணிக்கு மேல் சாவி வாங்கி முகம் கழுவினால் நாலரை. ரயில் இரண்டே மணி நேரம்தான் என்று எக்செல் சொல்லும். மிச்சத்தைச் சொல்லாது.

கடைசியில் அவரை மடக்கியது ஒரு பழைய வேன். சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்தில் வேன் பிடித்து, ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்தோம். ஐந்தாவது கோயிலுக்குப் பிறகு செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் நினைவிருக்கிறது. போட்டோவைப் பார்த்து இது கஞ்சனூரா கீழப்பெரும்பள்ளமா என்று இன்றுவரை தகராறு. "அதே வேனை ஐரோப்பாவில் ஓட்டப் போறீங்களா?" என்றேன். அன்று இரவே நாலு ஊரை அழித்தார். அப்புறம் ஒரு வாரம் பேரம். முடிவாக வந்தது: பாரிஸ் 4 இரவு, ஸ்விட்சர்லாந்தில் லூசர்ன் 4, ஃபிளாரன்ஸ் 3, ரோம் 3. போகும்போது பாரிஸில் இறங்கி, வரும்போது ரோமில் ஏறுகிற மாதிரி மல்டி சிட்டி டிக்கெட். விமானம் ஏற மறுபடி பாரிஸுக்கே திரும்பி ஓடுகிற ஒரு நாள் மிச்சம்.

திட்டத்தை மாற்றியதில் விசா தலைகீழானது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. பிரான்ஸ் என்று நினைத்துப் பேப்பர் தயார் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, ஃபிளாரன்ஸும் ரோமும் சேர்ந்து ஆறு இரவு ஆனதும் அது இத்தாலி ஆகிவிட்டது. அதனால் இரவுக் கணக்கை முடித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.

பாரிஸில் முதல் மூன்று நாளும் விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். உடம்புக்கு அது ஏழரை மணி, காபி நேரம். படுத்துப் புரள்வானேன் என்று ஆறு மணிக்கு ட்ரொகடேரோ போய்விட்டோம். எதிரே ஈபிள் கோபுரம், கூட்டமே இல்லை. மேலே ஏறவில்லை. ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏறவில்லை, குறையும் இல்லை. மேலே நின்று பார்த்தால் பாரிஸில் ஈபிள் கோபுரம் தெரியாது, அவ்வளவுதான்.

மே கடைசியில் அங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். இது ஒரு பொறி. இன்னும் பொழுது சாயவில்லையே என்று நடந்துகொண்டே இருப்போம், மறுநாள் கால் கேட்கும். ஒரு நாளைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டோம். லூவ்ர் அருங்காட்சியகம் போன நாள் அது மட்டும். மீதிப் பொழுது எங்கே கால் போகிறதோ அங்கே. அப்படிப் போனதுதான் லா ஷப்பேல். கார் து நோர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், தெரு நெடுகத் தமிழ்ப் பலகைகள். ஈழத் தமிழர் கடைகள். "எங்க இருந்து வந்தனீங்கள்?" என்று கடைக்காரர் கேட்டார். சென்னை என்றதும் இன்னொரு வடை வந்தது, காசு வாங்கவில்லை. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். எக்செல்லில் இல்லாத இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அவர் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லூசர்னில் ஒரு நாள் முழுக்க மழை. எட்டு ஊர்த் திட்டமாக இருந்தால் அந்த ஊரே போயிருக்கும். எங்களுக்கு ஒரு நாள்தான் போனது, அதுவும் வீணில்லை: துணி துவைத்தோம், தூங்கினோம், மாலை குடையோடு மரப்பாலத்தில் நடந்தோம். மறுநாள் வெயில். ஏரியில் படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ரிகி மலை. 1871இல் ஓடத் தொடங்கிய ரயில், ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில். ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் படகும் இந்த ரயிலும் அதிலேயே அடக்கம். நம் ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தவை. இதை அவர் பக்கத்து சீட் ஸ்விஸ்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அந்த மனிதருக்கு ஊட்டி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, பாவம், தலையாட்டினார்.

பனிமலை உச்சிப் பக்கம் ரயிலில் ஏறிப் போகிற யுங்ஃபிராவ்யோக் போகவில்லை. லூசர்னிலிருந்து போக வர மட்டும் ஏழெட்டு மணி நேரம். அதுதான் முக்கியம் என்பவர்கள் தங்குவதையே இன்டர்லாக்கன் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரே சண்டை ஃபிளாரன்ஸில். அவருக்குப் பைசா கோபுரம் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு அன்று பெஞ்சில் உட்கார வேண்டும். காலைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் அடிக்குரலில், தமிழில், நன்றாகவே போட்டோம். பிறகு அவர் தனியாக ரயில் ஏறிப் போனார், ஒரு மணி நேரப் பயணம். நான் சாந்தா க்ரோச்சே சதுக்கத்தில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தேன். மாலையில் இரண்டு பேர் முகமும் தெளிந்திருந்தது. 14 நாள் 24 மணி நேரமும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நங்கநல்லூர் வீட்டில்கூட அப்படி இருப்பதில்லை.

ரோமைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவாகும். அப்புறம்.

குரோம்பேட்டைக்காரன்:

அக்கா, நான் எதிர்க்கட்சி. மனைவி, அப்பா (72), அம்மா (68) எல்லோரோடும் பேக்கேஜ் டூரில் போனேன். 10 நாள், 6 நாடு. காலை ஆறரைக்குப் பெட்டி ஹோட்டல் வாசலுக்கு வந்துவிட வேண்டும். கொலோசியத்தை வெளியே நின்று இருபது நிமிடம் பார்த்தோம். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அம்மா பஸ்ஸில் தினமும் கேட்பார். எல்லாம் உண்மை. ஆனால் பெட்டியை நாங்கள் தூக்கவில்லை, முகவரி தேடவில்லை, ராத்திரி ரசம் சாதம் கிடைத்தது. அப்பாவுக்கு இன்னொரு தடவை போகிற வயது இல்லை. ஆறு நாட்டையும் பார்த்துவிட்டேன் என்கிற சந்தோஷம் அவருக்கு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனால் உங்கள் வழிதான்.

அம்பத்தூர் புதுஜோடி:

எங்களுக்குப் பட்ஜெட் குறைவு. பிராக் 3, வியன்னா 3, புடாபெஸ்ட் 3. நேர் ரயில்கள்தான்: முதலாவது நாலு மணி நேரம், அடுத்தது மூன்றுக்கும் கீழே. திட்டம் அழகு, நடுவில் நாங்களே கெடுத்தோம். வியன்னாவிலிருந்து ஹால்ஸ்டாட் என்கிற ஏரிக்கரைக் கிராமத்துக்கு ஒரே நாளில் போய் வரலாம் என்று எங்கோ படித்துவிட்டு இவள் ஆசைப்பட்டாள் (எழுதுவது நான், அவள் பக்கத்தில் முறைக்கிறாள், சரி, இரண்டு பேருமே ஆசைப்பட்டோம்). போக மூன்றரை மணி நேரம். ஸ்டேஷன் ஏரிக்கு அந்தக் கரையில். இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். வர மூன்றரை. அங்கே நின்றது மூன்று மணி நேரம், அதில் பாதி திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்தே போனது. வியன்னாவில் அரண்மனை பார்க்கவேண்டிய நாள் அது. ஒரு மாறுதல்தான் வேண்டும் என்றால் பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராடிஸ்லாவா ஒரு மணி நேரம்தான்.

இன்னொன்று: மூன்று ஊருக்கும் மூன்று பணம். செக் கொருனா, யூரோ, ஹங்கேரி ஃபோரின்ட். சில்லறைக் காசு ஒரு டப்பா நிறைய இன்னும் வீட்டில் கிடக்கிறது.

மந்தைவெளி:

லூவ்ர் வாசல் வரை போய்த் திரும்பினோம். செவ்வாய்க்கிழமை லீவு. கோயிலுக்கு நடை சாத்துகிற நேரம் பார்த்துப் போகிற எனக்கு இது தோன்றவில்லை.

அடையாறு:

மந்தைவெளி சார், பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் லீவு, ஃபிளாரன்ஸ் உஃபிட்சி அருங்காட்சியகமும் திங்கள், வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிறு (மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு). ஊர்களின் வரிசையைப் போடும்போதே கிழமையைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் (நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய சிறுமி) வீட்டுக்கு ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் தள்ளி வரும் தேதிகளுக்கு டிக்கெட் விடுகிறார்கள். நான் அலாரம் வைத்து வாங்கினேன்.

போரூர்:

அக்கா, நாங்கள் செப்டம்பரில் போகிறோம். வெனிஸ் 1 இரவு வைக்கலாமா? சாப்பாடு சைவம். மாமியாரும் கூட வருவார் போலிருக்கிறது, முட்டி வலி உண்டு.

நங்கநல்லூர் அக்கா:

குரோம்பேட்டைத் தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் அம்மாவைக் கூட்டிப் போனால் நானும் பேக்கேஜ்தான் பார்ப்பேன்.

போரூர் தங்கச்சி, வெனிஸ் நாங்கள் விட்ட ஊர், என் தங்கை போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன். அங்கே கார், ஆட்டோ கிடையாது. கால்வாய்ப் பாலம் ஒவ்வொன்றும் படிக்கட்டு. முட்டி வலியோடு ஒரு இரவுக்குப் பெட்டியை ஏற்றி இறக்க வேண்டாம். ஒன்று, படகுத் துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து இரண்டு இரவு இருங்கள்; இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பகலில் மட்டும் போய்வந்தால் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வேறு உண்டு.

சைவத்துக்கு இத்தாலியில் கவலையே இல்லை. சமையலறை உள்ள அறையாக ஓர் ஊரிலாவது எடுங்கள். லூசர்னில் நான் குட்டிக் குக்கரில் பருப்பு சாதம் வைத்தேன், ஹோட்டல் விலையைப் பார்த்த பிறகு அது அமிர்தம். முன்பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் நாலாவது மாடி வரை சுற்றுப்படிதான். ஃபிளாரன்ஸில் எங்கள் அறை மூன்றாவது மாடி, 62 படி. அவர் எண்ணிச் சொன்னார்.