பைத்தானை நீக்கிப் புதிதாகப் போட்டதும் பழைய வென்வ் ஓடவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் பைத்தான் 3.9 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு 3.12 போட்டேன். புதியது நன்றாக ஓடுகிறது. பாத் (விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சரி, எந்தப் பைத்தானை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் "பை" லாஞ்சரும் 3.12-ஐக் காட்டுகிறது.

சிக்கல் பழைய புராஜெக்டில்தான். அதன் வென்வை (அந்த புராஜெக்டுக்கென்று தனியாக உள்ள பைத்தான் சூழலை) ஆக்டிவேட் செய்து பைத்தானை அழைத்தால், பழைய 3.9 ஃபோல்டரின் முகவரியைச் சொல்லி அங்கே பைத்தான் இல்லை என்கிறது. வென்வுக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்தப் பழைய முகவரிதான் பதிவாகியிருக்கிறது. அதை மாற்றினால் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அதிலுள்ள நம்பை, பாண்டாஸ் என்ற டேட்டா லைப்ரரிகள் இரண்டும் 3.9-க்காகக் கம்பைல் ஆனவை, 3.12-இல் லோட் ஆகாது.

இந்த புராஜெக்ட் வேறொருவரிடமிருந்து என் கைக்கு வந்தது. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் கிடையாது. ஆனால் வென்வில் பேக்கேஜ்கள் இருக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் உள்ள டிஸ்ட்-இன்ஃபோ ஃபோல்டரின் பெயரிலேயே வெர்ஷன் எண்ணும் இருக்கிறது, பட்டியல் எடுத்துவிட்டேன். பாண்டாஸ் 1.3 என்று வருகிறது. அதற்கு 3.12-க்கான வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இல்லை, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப் சோர்ஸிலிருந்து பில்ட் செய்யப் பார்த்து நின்றுவிடுகிறது. பாண்டாஸ் 2-க்குப் போகலாமென்றால் டேட்டாஃபிரேமில் (பாண்டாஸின் அட்டவணை) வரிசைகளைச் சேர்க்கும் அப்பெண்ட் 2.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. கோடில் அது நிறைய இடங்களில் இருக்கிறது.

விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வந்த கடைசி 3.9 ஆன 3.9.13-ஐ மறுபடி போட்டு, 3.12-உடன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? அதே ஃபோல்டரில் போட்டால் பழைய வென்வ் அப்படியே உயிர்பெறுமா, அல்லது புதிதாக உருவாக்குவதுதான் நல்லதா? அப்பெண்டை எல்லாம் அதற்கு மாற்றான கான்கேட்டாக மாற்றியவர்கள் யாராவது இருந்தால், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இந்த புராஜெக்டை எப்படியாவது ஓட வைக்க வேண்டும்.