கோமோ ஏரிக்கரையில் பத்துக் கிலோமீட்டர்: தீபாவளி ஊர்க்கூடலுக்கு ஒரு யோசனை

அன்புள்ள சங்க உறவுகள் அனைவருக்கும் மலேசியாவின் பாகான் செராயிலிருந்து வணக்கம்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் உறுப்பினர்களை இம்முறை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று செயலவை கேட்டிருந்தது. இத்தாலியின் மிலானில் வேலை பார்க்கும் மகளுடன் ஒரு மாதம் தங்கிவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். அங்கே அவளோடு நடந்த ஒரு பாதையைப் பற்றிச் சொன்னால் என் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும் என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமோ ஏரியின் மேற்குக் கரையில் கொலொன்னோ என்னும் சிற்றூரில் தொடங்கி, சாலா கொமாச்சினா, ஒசுச்சோ, லென்னோ, மெட்செக்ரா, திரெமெட்சோ ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடெனாபியாவில் முடியும் இந்தப் பாதையை 'கிரீன்வே' என்கிறார்கள். நீளம் சுமார் 10 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். எனக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. பெயர் புதியதே தவிர, பாதை பழையது. ரோமானியர் காலத்து 'வியா ரெஜினா' சாலையின் துண்டுகளையும், வீட்டுக் கொல்லைகளுக்குப் பின்னால் ஓடும் கல் பாவிய சந்துகளையும், ஒலிவ மரங்கள் நிற்கும் படிக்கட்டு நிலங்களின் வரப்புகளையும் ஒன்றோடொன்று கோத்து, திருப்பங்களில் வழிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அன்றாடம் கடைக்கும் கோயிலுக்கும் போகிற வழியில்தான் வெளியூர்க்காரர்களும் நடக்கிறார்கள். ஒரு சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி, நாங்கள் கடப்பதற்காகக் கொடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

கொலொன்னோவை விட்டு மேலேறியதும் கீழே ஒரு தீவு தெரிகிறது. அந்த ஏரியிலுள்ள ஒரே தீவான கொமாச்சினா அதுதான். 1118 முதல் 1127 வரை மிலானுக்கும் கோமோவுக்கும் நடந்த போரில் தீவுக்காரர்கள் மிலான் பக்கம் நின்றார்கள். அந்தப் பகையை மறவாத கோமோ 1169-இல் படகுகளில் வந்து, கோட்டை, கோயில், வீடு என ஒன்றையும் விடாமல் இடித்துத் தீக்கிரையாக்கியது. தப்பியவர்கள் எதிர்க்கரைக்கு ஓடினார்கள். இனி அந்தத் தீவில் மணி ஒலிக்கக் கூடாது, கல்மேல் கல் வைக்கக் கூடாது என்று ஆயர் ஒருவர் சபித்ததாகவும் கதை சொல்கிறார்கள். ஆயினும் ஆண்டுதோறும் ஜூன் மாதம், புனித யோவான் திருநாளையொட்டி, அந்தக் கரை ஊர்கள் எல்லாம் அழிவை நினைவுகூர்ந்து வாணவேடிக்கை விடுகின்றன. ஏரி முழுவதும் சிறு விளக்குகளை மிதக்க விடுகின்றன. பழைய வழக்கப்படி நத்தை ஓட்டுக்குள் எண்ணெய் ஊற்றித் திரியிடுவார்களாம். நாங்கள் போனது திருநாள் முடிந்த வாரம் என்பதால் விளக்குகளைக் காணவில்லை. ஆனால் சாலா கொமாச்சினாவில் ஒரு வீட்டுச் சன்னல் விளிம்பில் நான்கைந்து நத்தை ஓடுகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் வாயோரம் கருகி, உள்ளே கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. "அப்பா, நம்ம கார்த்திகை அகல் மாதிரியே இருக்கு இல்ல?" என்றாள் மகள். பாட்டியின் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அவள் விளக்கேற்றியது ஐந்து வயதில். அவளுக்கு அது நினைவிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒசுச்சோவில் பாதையை விட்டு விலகி மலையேற வேண்டும். 1635-க்கும் 1710-க்கும் இடையில் கட்டப்பட்ட 14 சிற்றாலயங்கள் ஏற்றம் நெடுகிலும் நிற்க, உச்சியில் மாதா கோயில் இருக்கிறது. 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஒன்பது 'புனித மலை'களுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு சிற்றாலயத்திலும் கம்பி அழி வழியாக எட்டிப் பார்த்தால், ஆளுயரச் சுதை உருவங்கள் இயேசுவின் வாழ்க்கையை நடித்துக் காட்டுவதுபோல் நிற்கின்றன. நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் லாரி பிடித்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போன காலம் நினைவுக்கு வந்தது. ஏழாவது ஆலயத்தோடு என் முழங்கால் விடைபெற்றுக்கொண்டது. உச்சியைப் பற்றி மகள் சொல்லக் கேட்டதுதான்.

லென்னோவின் பால்பியானெல்லோ மாளிகையையும் திரெமெட்சோவின் கார்லோட்டா மாளிகையையும் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள். அவை அழகுதான், கூட்டமும் அதற்கேற்றபடிதான். என்னை நிற்க வைத்தது மெட்செக்ராவின் ஜூலினோ என்ற சிற்றூர். அங்கே ஒரு வீட்டு மதிலோரம் 1945 ஏப்ரல் 28-ஆம் நாள் முசோலினியைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு சிறு சிலுவை, அவ்வளவுதான். உலகையே உலுக்கியவனின் கதை முடிந்த இடம் நம் பழைய மருந்துக் கொட்டகை வாசலைவிட அகலமில்லை.

வெளிநாட்டில் வாழும் உங்களுக்காகவே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊர்களும் ஆட்களை வெளியே அனுப்பி வாழ்ந்த ஊர்கள்தாம். கோமோ வட்டாரத்துக் கொத்தனார்கள் கூட்டம் கூட்டமாக வேற்று நாடுகளுக்குப் போய்க் கோயில்களும் கோட்டைகளும் கட்டினார்கள். 643-இல் லொம்பார்டிய மன்னர் ரொத்தாரி வெளியிட்ட சட்டத்திலேயே 'கொமாச்சினி' கைவினைஞர்களைப் பற்றிய பேச்சு வருகிறது. திரெமெட்சோ பக்கத்து பிரெந்தானோ குடும்பத்தார் எலுமிச்சை வியாபாரத்துக்காக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் வேரூன்றினார்கள். இன்று அந்த மலைச்சந்துகளில் நடக்கிறவர்களுக்கு இந்தக் கதைகளெல்லாம் கிடைக்கின்றன என்றால், உள்ளூரில் எஞ்சியிருந்தவர்கள் வழியை அடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம்.

நமக்கும் ஓர் ஏரி இருக்கிறது. நம் கிரியான் மாவட்டத்து வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா அணை, மலேசியாவின் மிகப் பழைய நீர்த்தேக்கங்களுள் ஒன்று. நடுவில் ரயில் ஓடும் ஏரி நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? அதில் வாழும் கெலிசா (அரோவானா) மீனில் ஆண்மீன்தான் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் என்று சிறுவயதில் நாம் கேட்டு வியந்திருக்கிறோம். கிரியானில் முதலில் கரும்பு, பிறகு பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்படுவதற்கு முன்பே இங்கு வந்து கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறோம். பிரெஞ்சுக்காரரான ஃபே பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் குடியிருப்பு அமைத்ததும் இதே பாகான் செராயில்தான். செமாங்கோல் மலையடிவாரத்தில் 1934-இல் தொடங்கிய மதரசாவும், அங்கிருந்து 1948-இல் கிளம்பிய அரசியல் இயக்கமும் மலாய் நண்பர்களின் நினைவில் பத்திரமாக இருக்கின்றன. நம்முடையவை மட்டும் ஒவ்வொரு மறுநடவிலும் புல்டோசர் அடியில் போய்விட்டன.

ஆகவே என் யோசனை இது. பேருந்து பிடித்து ஏரிக்கரைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்புவதை இம்முறை விட்டுவிடுவோம். தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறரைக்கு மாரியம்மன் கோயிலில் கூடி, பழைய லயம் இருந்த மேட்டைக் கடந்து, தமிழ்ப்பள்ளித் திடல் வழியாக வாய்க்கால் கரை ஏறி, ஏரி தெரியும் இடம்வரை நடப்போம். நடக்க இயலாதவர்களுக்கு இரண்டு வேன்கள் ஏற்பாடு செய்யலாம். வழியில் பத்து இடங்களில் பலகை வைக்க, தற்போதைய தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அக்கடிதத்தை நானே எழுதுகிறேன். பலகைகளில் தமிழும் மலாயும் இருக்கட்டும். செலவு என்ன ஆகும் என்பதைப் பொருளாளர் பார்த்துச் சொல்லட்டும்.

ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். பத்தாவது, வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம். விடியற்காலை மேற்பார்வையாளரான தண்டல் இரும்புக் கம்பியால் அடிப்பாரே, அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் கோயில் கிடங்கில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடித்துப் பார்த்தேன், ஒலி குறையவில்லை. ஆனால் அது எந்த மரத்தில் தொங்கியது? ஆபீசுக்கு எதிரே நின்ற மழைமரத்தில் என்கிறேன் நான். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பலாமரத்தில் என்கிறார் என் அக்கா. கூலாய், பெர்த், லண்டன் என எங்கிருந்தாலும் சரி, 1960-களில் அங்கே பெரட்டில் நின்றவர்களோ, அப்பா அம்மாவோடு அங்கே போனவர்களோ இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மரமும் இப்போது இல்லை. பலகையை எங்கே நடுவது என்று தெரிய வேண்டும்.