புதுப்பிப்பு: ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் 2023 சரிவு, அதற்குப் பிறகு நடந்தது

பத்து வெற்றி, ஒரே தோல்வி (10-1) என்று பறந்த அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான ஈகிள்ஸ், 2023 சீசனை 11-6 என்று முடித்து, ப்ளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) முதல் ஆட்டத்திலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று உதை வாங்கியபோது, கோச் நிக் சிரியானியை மாற்றினால்தான் விடிவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கோச் இருக்கட்டும், டிஃபென்ஸை (தடுப்பாட்டத்தை) நடத்துகிறவரை மாற்றுங்கள், கார்னர்பேக் (எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை மறிப்பவர்) இடத்துக்கு இளம் ஆட்களைப் பிடியுங்கள்" என்று சொன்னவரின் கணக்குதான் பலித்தது. 2023 டிசம்பரில் ஷான் தேசாயிடமிருந்து மேட் பட்ரிசியாவுக்குக் கைமாறியும் தேறாத டிஃபென்ஸ், 2024இல் விக் ஃபாஞ்சியோ பொறுப்புக்கு வந்ததும் நிமிர்ந்துவிட்டது. டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் என்ற இரு கார்னர்பேக்குகளும் கிடைத்தார்கள். 2024 சீசனின் தொடக்கம் என்னவோ 2-2தான். அப்புறம் ஒரே ஒரு தோல்வி, மொத்தம் 14-3.

யாரும் எதிர்பார்க்காதது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங்பேக் சேக்வான் பார்க்லி. வழக்கமான சீசனில் மட்டும் 2,005 கெஜம் ஓடினார்!

2025 பிப்ரவரி 9, சூப்பர் பவுல் (NFL இறுதிப்போட்டி): கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றாயிற்று. கூடுதல் ஆளை ஏவாமல், முன்வரிசை நான்கு பேரை வைத்தே, கான்சாஸ் சிட்டியின் பந்து வீசும் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். டிஜீன் அவர் வீசிய பந்தைப் பறித்து 38 கெஜம் ஓடி டச் டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி) போட்டார். அன்று டிஜீனுக்கு 22ஆவது பிறந்தநாள்.