மறு: ‘பூஃப்’ தலையலங்காரத்துக்குத் தமிழில் ‘திண்டுக்கொண்டை’?

அனைவருக்கும் வணக்கம்.

> பூஃப் என்பது பிரெஞ்சு அரசி மரீ அன்டோனெட் காலத்து உயரமான விக்தானே? ‘உயர் பொய்முடி’ என்று வைத்துவிடலாமே.

இதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை, ஐயா. பொய்முடி என்றால் முழுசாகக் கழற்றி வைக்கக்கூடியது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைப் பெரும்பாலும் ஆண்கள்தான், தலையை மழித்தோ ஒட்ட வெட்டியோ, அணிந்தார்கள். பூஃப் அப்படியல்ல. அதற்கு அந்தப் பெண்ணின் சொந்த முடிதான் ஆதாரம். கம்பளியோ குதிரைமுடியோ அடைத்த திண்டு ஒன்றை உச்சந்தலையில் வைத்து, முன்முடியை அதன்மேல் ஏற்றி வாரி, ஊசி குத்தி நிறுத்துவார்கள். முடி போதாத இடத்தில் சவுரி சேர்ப்பார்கள். விலங்குக் கொழுப்பில் வாசனை கலந்த களிம்பைத் தடவி, அது பிடித்துக்கொள்ள மேலே மாவு தூவுவார்கள். இவ்வளவு வேலையையும் ‘பொய்’ என்று ஒரே சொல்லில் அடக்குவது சரியில்லை. அதனால்தான் ‘திண்டுக்கொண்டை’ என்கிறேன்.

> ‘கோபுரக் கொண்டை’ இன்னும் அழகாக இருக்கிறதே?

கேட்க அழகுதான், ஆனால் அது உயரத்தை மட்டும்தான் சொல்கிறது. பூஃப்பின் சுவையே உச்சியில் என்ன வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. 1774இல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி அம்மை குத்திக்கொண்டதைக் கொண்டாடிய ஒரு பூஃப்பில் பாம்பு, தண்டம், ஆலிவ் மரம், உதயசூரியன் எல்லாம் இருந்தன. 1778இல் ‘பெல் பூல்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலேயரோடு மோதியதும், பாய்மரத்தோடு கப்பல் பொம்மையே தலைமேல் ஏறியது. ‘கப்பல் திண்டுக்கொண்டை’, ‘அம்மைகுத்தல் திண்டுக்கொண்டை’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் இந்த வகைகளைச் சொல்லிவிடலாம். ‘கப்பல் கோபுரக் கொண்டை’ என்றால் வாசகர் குழம்பிப் போவார்.

அப்புறம், தூவும் பொடி. ‘தலைப்பவுடர்’ வேண்டாம், ‘முடிமா’ என்போம். அது பெரும்பாலும் கோதுமையிலிருந்து எடுத்த மாவுச்சத்துதான். 1795இல் பிரிட்டனில் பிரதமர் பிட்டின் அரசு இந்தப் பொடி பூசுவோருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்காலத்துப் பொற்காசு) வரி போட்டது. அதே ஆண்டில் அங்கே தானியத் தட்டுப்பாடு. ரொட்டிக்குத் திண்டாடும் நேரத்தில் தலைக்கு மாவா என்ற கோபம் ‘முடிமா வரி’ என்று எழுதினாலே புரிந்துவிடும். ‘பவுடர் வரி’ என்றால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியிருக்கும். களிம்புக்கு ‘முடிக்களிம்பு’ போதும், அதில் சிக்கல் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. ஆண்களின் பொய்முடியில் பின்சடையைக் கறுப்புப் பட்டுப் பைக்குள் போட்டுக் கட்டிய வகை. களிம்பும் மாவும் கோட்டில் படாமல் அந்தப் பை காக்கும். ‘பைமுடி’ என்று ஏற்கெனவே ஒருவர் சொன்னார். பைக்குள் போவது சடை மட்டும் என்பதால் ‘பைச்சடைப் பொய்முடி’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.