துருக்கி வீரன் நீர்வர்ணப் படம்: நேரில் பார்த்து வரைந்ததா?

மாங்குளம் மாணவி:
உயர்தரச் சித்திரப் பாடத்துக்கு ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். 1820களில் பிரான்சில் வரைந்த நீர்வர்ணப் படம், ஒட்டோமன் வீரன் ஒருவன் நிற்கிறான், பெரிய வெள்ளைத் தலைப்பாகை, தொளதொளத்த காற்சட்டை, இடுப்புக் கச்சையில் கைத்துப்பாக்கியும் யதகான் வாளும். பின்னணி இல்லை. கச்சையின் மடிப்பு ஒவ்வொன்றையும் அவ்வளவு கவனமாக வரைந்தவர் முகத்தை இரண்டு தீற்றலோடு விட்டுவிட்டார், அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. துருக்கிக்குப் போய்ப் பார்த்துத்தான் வரைந்தாரா?

இரணைமடுக் கரை:
தங்கச்சி, அநேகமாக இல்லை. அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்கள் பலர் அங்கே போனதே இல்லை. டெலக்ருவாவைப் பாருங்கள், கிரேக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கியோஸ் தீவில் ஒட்டோமன் படை கிரேக்கரைக் கொன்ற படுகொலையை வரைந்து 1824ல் காட்சிக்கு வைத்தார், ஆனால் கிரேக்கத்துக்கோ துருக்கிக்கோ வாழ்நாளில் போகவில்லை. 1832ல் போனது மொரோக்கோவுக்கு, அது ஒட்டோமன் ஆட்சியில் இருந்த நாடும் இல்லை. கிழக்கே சுற்றிவந்த ஜூல் ரொபேர் ஒகுஸ்த் என்ற ஓவியரிடம் உடுப்பும் ஆயுதமும் நிறைய இருந்தன, அவற்றை இரவல் வாங்கித்தான் டெலக்ருவா வரைந்தார். எங்கள் கோவலன் கூத்துக்கு இரவல் உடுப்புக் கட்டுவது மாதிரித்தான். உங்கள் படத்தை வரைந்தவர் முகத்தை விட்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்: பிறகு வரையப்போகும் பெரிய எண்ணெய்வர்ணப் படத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது உடுப்பு.

வவுனியா வாசகன்:
அண்ணா சொல்வது சரி. ஆனால் உடுப்பை வைத்து ஆண்டு சொல்லப் போனால் கவனம். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826 ஜூனில் ஜானிசரி என்ற பழைய காலாட்படையைக் கலைத்தார், அடுத்த சில ஆண்டுகளில் புதிய படைக்குச் சிவப்பு ஃபெஸ் தொப்பி வந்துவிட்டது. அதற்காகத் தலைப்பாகை இருந்தால் 1826க்கு முந்தியது என்று எழுதிவிடாதீர்கள், ஒழுங்குப் படையில் சேராத அல்பேனிய வீரர்கள் போன்றவர்கள் பழைய உடுப்பிலேயே திரிந்தார்கள், பாரிசில் இரவல் உடுப்பும் அப்படியே கிடந்தது.

புதுக்குடியிருப்பு அக்கா:
பிள்ளை, எழுதுவதற்கு முன் ஒருதரம் பார்த்து வரைந்து பாருங்கள், அப்போதுதான் அந்த ஆளின் கைவேலை விளங்கும். தலைப்பாகைக்கு வெள்ளை பூச வேண்டாம், தாளையே விட்டுவிட்டு மடிப்பின் நிழலுக்கு மட்டும் மெல்லிய நீலச் சாம்பல் போடுங்கள். கச்சையின் சிவப்பை அது நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் ஊறி வெள்ளைக்குள் ஏறிவிடும். மத்தியானத்தில் இருக்க வேண்டாம், எங்கள் வெயிலுக்குப் பூச்சு விரிய முதலே காய்ந்து விளிம்பு கட்டிவிடும், காலையில் வெள்ளெனத் தொடங்குங்கள்.