சப்ஸ்டேஷன் பக்கத்தில் 200 மெகாவாட் அவர் பேட்டரி: கிராமசபையில் என்ன கேட்கணும்?

வார்டு_4:
எங்க ஊராட்சியில் 230 கேவி சப்ஸ்டேஷனை ஒட்டி, கரண்டைச் சேமிச்சு வைக்கிற 100 மெகாவாட் / 200 மெகாவாட் அவர் பேட்டரி (100 மெகாவாட் வீதம் 2 மணிநேரம் தரும்) வருது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, கன்டெய்னர் டைப். கடைசி வீடு 180 மீட்டர். கிழக்கே ஏரிக்குப் போற வரத்து வாய்க்கால். செல்போன் பேட்டரி மாதிரிதான்னு கம்பெனி சொல்லுது, கலிஃபோர்னியாவில் ஊரையே காலி பண்ணாங்கன்னு வாட்ஸ்அப் சொல்லுது. ஆகஸ்ட் 15 கிராமசபையில் எதைக் கேட்கலாம்?

கிரிட்_மணி:
கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்கில் (2025 ஜனவரி) எரிஞ்சது மூடிய கட்டடத்துக்குள் அடுக்கிய என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) பேட்டரி. உங்களுடையது வெட்டவெளி, 20 அடி கன்டெய்னருக்குச் சுமார் 5 மெகாவாட் அவர்னா 40 கன்டெய்னர். எல்எஃப்பி எரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சூடு கட்டுமீற நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பேட்டரியில் தீ எப்படிப் பரவும்னு சோதிக்கிற யூஎல் 9540ஏ ரிப்போர்ட்டை வாங்குங்க. செல் (பேட்டரிக்குள் இருக்கிற சின்ன அலகு) சோதனைப் பக்கத்தை மட்டும் காட்டுவாங்க. முழு கன்டெய்னரை வச்சுச் செய்யும் யூனிட் அளவு சோதனையைக் கேளுங்க. அதில் எவ்வளவு இடைவெளி விட்டாங்களோ அதே இடைவெளி உங்க லேஅவுட்டில் இருக்கா பாருங்க. நிலம் மிச்சம் பிடிக்க முதலில் குறைப்பது அதைத்தான்.

தீயணைப்பு_ராஜா:
புகை வந்தா கதவைத் திறக்கவே கூடாது. செல்லிலிருந்து வரும் ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கி நிற்கும். அரிசோனாவில் 2019 ஏப்ரலில் கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் வெடிச்சு வீரர்கள் படுகாயம் அடைந்தாங்க. அதனால் கேஸ் டிடெக்டர், வெளியேற்றும் ஃபேன், மேல்பக்க வெடிப்புத் திறப்பு மூன்றும் வேணும். ஃபேனுக்குத் தனி பேக்கப் கரண்ட்.

எரியுறதை எரிய விட்டு, பக்கத்து கன்டெய்னர்களைத் தண்ணீரால் குளிர வைப்பதுதான் முறை. அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடும் உலோகமும் கலந்திருக்கும். வாய்க்கால் பக்கம் கரை கட்டி, தொட்டியில் பிடிக்கணும். மழைக்காக வடிகால் வால்வு எப்பவும் திறந்தே கிடக்கும். தீ அன்னிக்கு அதை மூடப் போறது யார்? வால்வு வேலிக்கு வெளியே இருக்கணும். காற்று எந்தப் பக்கம் அடிச்சாலும் வண்டி நுழைய எதிரெதிர்த் திசையில் இரண்டு கேட்.

டெசிபல்:
தினமும் தொந்தரவு தரப்போறது சத்தம். கன்டெய்னருக்கு ஒண்ணா இருக்கிற சில்லர் (பேட்டரியைக் குளிர வைக்கிற மெஷின்) 1 மீட்டரில் 75 டெசிபல்னு வைங்க. 180 மீட்டரில் 30 ஆகும். 40 சில்லர் சேர்ந்தா 16 கூடும்: 46. குடியிருப்புக்கு இரவு வரம்பு 45. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் இதில் சேரலை. சாயங்கால உச்ச நேரத்தில் டிஸ்சார்ஜ் ஆகி முடிஞ்சதும் செல் சூடாத்தான் இருக்கும், ஊர் தூங்கும் நேரத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். ஃபேன் முகத்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்க. கட்டின பிறகு திருப்ப முடியாது.

கிரிட்_மணி:
இன்னொண்ணு. முதல் கன்டெய்னருக்குக் கரண்ட் கொடுத்த நாளிலிருந்தே 24 மணிநேரக் கண்காணிப்பு வேணும். ஆஸ்திரேலியா ஜீலாங்கில் 2021 ஜூலையில் தீப்பிடிச்சது சோதனை ஓட்டத்தில்தான். கூலன்ட் கசிவு, சாவி ஸ்விட்ச் ஆஃபில் இருந்ததால் அலாரம் கன்ட்ரோல் ரூமுக்குப் போகலை. அப்புறம் கன்டெய்னர் ஒண்ணு 40 டன்னுக்கு மேல. வர்ற வழியில் இருக்கிற சிறுபாலம் தாங்குமான்னு முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்க.

வார்டு_4:
லேஅவுட்டை இப்பதான் பார்த்தேன். வடிகால் வால்வு வேலிக்கு உள்ளே, மூணாவது கன்டெய்னருக்கு நேர் எதிரே. கேட்டும் ஒண்ணுதான், சப்ஸ்டேஷன் பக்கம்.